32 பார் பாட்டு

அமெரிக்காவின் பல பகுதிகளில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளி மூடினால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோதான் திறக்கும். இடையில் வரும் அந்த இரண்டு, இரண்டரை மாதத்தை நிரப்ப நீச்சல், கணக்கு, ரோபோ என்று எத்தனையோ சம்மர் கேம்ப்கள். அவற்றில் ஒரு வகை மியூசிகல் தியேட்டர் பயிற்சி. பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் ஐந்தாறு வாரம். வீட்டிலிருந்து போய்வருவதும் உண்டு, அங்கேயே தங்குவதும் உண்டு.

என் அக்கா மகள் இரண்டு கோடை இப்படிப் போய் வந்திருக்கிறாள். முதல் முறை போனபோது அவளுக்கு 15 வயது. மூன்று வாரம் ஒத்திகை முடிந்து, நாடகம் நடக்க வேண்டிய நாள் காலையில் எழுந்து பார்த்தால் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. முந்தின நாள் முழு ஒத்திகை மூன்று தடவை நடந்திருக்கிறது. மூன்று தடவையும் உச்சத்தில், முழுக்குரலில் பாடியிருக்கிறாள். அன்று மாலை மேடையில் அவள் வாயசைக்க, பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வேறொரு பெண் பாடினாள். நாங்கள் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். காரில் ஏறியதும் அழுதாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை.

அடுத்த கோடை வேறோர் இடத்துக்குப் போனாள். முழுக்குரலை எப்போதெல்லாம் எடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் நாள் பாடம். இரண்டு இடத்து விளம்பரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சிரித்த முகங்கள், அதே மேடை விளக்கு, ஏறக்குறைய அதே கட்டணம். வித்தியாசம் தாளில் தெரியாது, உள்ளே நடக்கிற வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மியூசிகல் என்றதும் நமக்குச் சினிமாப் பாட்டு நினைவுக்கு வரும். சினிமாவில் பாடுகிறவர் ஒருவர், திரையில் ஆடுகிறவர் இன்னொருவர். மியூசிகலில் வசனம் பேசுகிறவரே பாட வேண்டும், பாடிக்கொண்டே ஆட வேண்டும், எல்லாமே ஜனங்களுக்கு முன்னால், அந்த நேரத்திலேயே. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் இதை வாரத்துக்கு 8 காட்சி செய்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1943-இல் வந்த ‘ஓக்லஹோமா!’ கதை, பாட்டு, நடனம் மூன்றையும் ஒரே இழையாகப் பின்னிய நாடகம் என்று பேர் வாங்கியது. அதிலேயே கதாநாயகி காணும் கனவு நடனமாக விரியும்போது, அவளாக ஆடியவர் வேறொரு நடனக் கலைஞர். பாடுகிறவர் தனி, ஆடுகிறவர் தனி என்ற வழக்கம் அப்போது இருந்தது. 1957-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் அந்தச் சுவரை உடைத்தார். தெருச்சண்டைக்கு நிற்கும் பையன்களே பாடினார்கள், அவர்களே ஆடினார்கள். 1975-இல் ‘எ கோரஸ் லைன்’ வந்தது. குழுவாகப் பாடி ஆடும் கோரஸில் ஓர் இடத்துக்காக வரிசையில் நின்று ஆடிஷன் கொடுக்கிறவர்களின் கதையையே நாடகமாக்கியது அது. மூன்றும் கைவந்தவரை ‘டிரிபிள் த்ரெட்’ என்பார்கள். இன்று கோரஸில் கடைசி வரிசையில் நிற்பவரிடமும் இதை எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். பாட்டு டீச்சர் ஒரு பக்கம், நடனப் பள்ளி இன்னொரு பக்கம், நடிப்பு என்றால் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு நாடகம். மூன்றும் ஒரே உடம்பில் சேர்வதற்கு, மூன்றையும் ஒரே நாளில், ஒரே பாட்டுக்காகச் செய்து பார்க்க வேண்டும். கோடைப் பயிற்சியின் பயனே அதுதான்.

இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சின்னப் பையன்கள் கம்பெனியோடு தங்கி, பாட்டும் வசனமும் பாடம் பண்ணி, மேடை ஏறினார்கள். பின்னால் நாடக உலகில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தது அந்தப் பள்ளியில்தான். ஆனால் அது பிழைப்பு. ஊர் ஊராக, வருஷக்கணக்கில். இங்கே பிள்ளை சில வாரத்தில் வீடு திரும்பிவிடும், சம்பளம் வாங்காது, நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

இந்தக் கேம்ப்களை நான் இரண்டாகப் பார்க்கிறேன். நாடகம் போடுகிற இடம், பாடம் நடத்துகிற இடம். இரண்டும் கலந்ததும் உண்டு, ஆனாலும் எந்தப் பக்கம் சாய்வு அதிகம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

நாடகம் போடுகிற இடங்களில் பேர்போனது ஸ்டேஜ்டோர் மேனர். 1975-இல் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், லாக் ஷெல்ட்ரேக் என்ற சிற்றூரில், ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. ஒரு தவணை மூன்று வாரம். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள் ஒரே சமயத்தில் தயாராகும். வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒன்றில் வேஷம் உண்டு. நடிகர்கள் நடாலி போர்ட்மேன், ராபர்ட் டௌனி ஜூனியர், லியா மிஷெல் எல்லோரும் சிறுவயதில் இங்கே வந்துபோனவர்கள். 2003-இல் வெளிவந்த ‘கேம்ப்’ என்ற படம் இந்த இடத்தை வைத்துத்தான் எடுக்கப்பட்டது.

மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கன் வேறு மாதிரி. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, காட்டுக்குள், 1928-இல் ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் ஹைஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முகாம் அது. பிறகு நாடகம், நடனம், ஓவியம், எழுத்து எல்லாம் சேர்ந்தன. நீலச் சீருடை போட்டுத்தான் திரிய வேண்டும். ஒவ்வொரு கோடையின் கடைசியிலும் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் ‘லே ப்ரெலூட்’ வாசித்துத்தான் கலைகிறார்கள். பாடகர் ஜோஷ் குரோபன் பதின்ம வயதில் இங்கே நாடகம் படித்தவர். மியூசிகல் படிக்க வந்த பிள்ளை சாப்பாட்டு மேசையில் செல்லோ வாசிக்கிறவன் பக்கத்திலும் கவிதை எழுதுகிறவள் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. தன் கலை மட்டுமே உலகம் இல்லை என்று அந்த வயதிலேயே தெரிந்துகொள்ளும்.

பாடம் நடத்துகிற இடம் என்றால் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடை வகுப்புகள். சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1931-இலிருந்து ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குக் கோடைப் பயிற்சி நடத்துகிறது. அங்கே வரும் பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் ‘செரப்’. பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன், நாடகத்துக்கென்று அமெரிக்காவில் முதன்முதலில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம், 1914-இல். அதுவும் கோடையில் ஹைஸ்கூல் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட வகுப்புகள் பலவற்றில் பெரிய செட், விளக்கு, உடை எதுவும் இருக்காது. கடைசி நாள் ஓர் அறையில், கறுப்பு டிரெஸ் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாட்டோ ஒரு காட்சியோ செய்துகாட்டுவார்கள். இவ்வளவு பணம் கட்டினோமே, இவ்வளவுதானா என்று பெற்றோருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த அறையில் அக்கா மகள் பாடியதைக் கேட்டபிறகு தோன்றவில்லை.

இதுவரை மேடையே ஏறாத பிள்ளைக்கு நாடகம் போடுகிற இடம் நல்லது. முப்பது பேரோடு சேர்ந்து ஒன்றை உருவாக்கி முடித்த சந்தோஷம் அந்த வயதில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பள்ளி நாடகங்களில் நடித்துப் பழகிய, இதைக் கல்லூரியில் படிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற இடம்தான் வேண்டும். தப்பு எங்கே நடக்கிறதென்றால், பிரபலங்களின் படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது. நடாலி போர்ட்மேன் எங்கே போனார் என்பதை வைத்து, இந்த வருஷம் நம் பிள்ளைக்குக் குரல் பயிற்சி கொடுக்கப்போவது யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்? போய் இறங்கியதும் ஆடிஷன், ஒன்றிரண்டு நாளில் யாருக்கு என்ன வேஷம் என்ற பட்டியல் சுவரில் ஒட்டப்படும். பெரிய வேஷத்தை எதிர்பார்த்த பிள்ளைகள் அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும். “திரும்பி வந்துவிடவா?” என்று கேட்கும். நாலு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் உடம்பையும் குரலையும் சூடுபடுத்தும் பயிற்சி, நடன வகுப்பு, நடிப்பு வகுப்பு. மதியத்துக்கு மேல் ஒத்திகை. முதலில் பாட்டை மட்டும் பியானோவோடு பாடம் பண்ணுவார்கள், பிறகு நடனம், பிறகு காட்சிகளை நடமாட்டத்தோடு கட்டுவார்கள். ஒரு தேதி குறித்து, அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் கையில் இருக்கக் கூடாது என்பார்கள். ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால், நடிகர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி முதன்முதலாக அதோடு சேர்ந்து பாடும் ஒத்திகைக்கு ‘சிட்ஸ்ப்ரோப’ என்று பெயர். ஜெர்மன் சொல். இத்தனை நாள் பியானோவில் மட்டும் கேட்ட பாட்டு திடீரென்று முப்பது வாத்தியத்தோடு எழும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அங்கே வேலை பார்க்கும் எல்லோரும் சொல்வார்கள். கடைசி நாட்கள் டெக். விளக்கு, ஒலி, செட் மாற்றம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சரிபார்ப்பது. மணிக்கணக்கில் சும்மா நிற்க வேண்டும், நடுநடுவே அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். குரல் வீணாவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேசும் குரலின் கனத்தோடு கீழ் சுரங்களில் பாடுவதை ‘செஸ்ட்’ என்பார்கள். மேலே போகப்போக லேசாகி மெலிந்து ஒலிப்பது ‘ஹெட்’. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியாமல் கலந்து பாடுவது ‘மிக்ஸ்’. பேச்சுக் குரலின் பலம் குறையாமல் மேல் சுரங்களுக்கு ஏற்றிப் பாடுவது ‘பெல்ட்’. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை சொல் போய்ச் சேர இந்தப் பெல்ட் தேவைப்பட்டது. 1930-இல் ‘கேர்ள் கிரேஸி’ நாடகத்தில் எத்தல் மெர்மன் என்ற பாடகி இப்படிப் பாடித்தான் ஒரே ராத்திரியில் பேர் வாங்கினார். இன்று மைக் உண்டு. ஆனாலும் ‘விக்கட்’ மாதிரி நாடகங்களைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அந்த உச்சம்தான் மோகம்.

கேட்கிறவருக்குப் பெல்ட் கத்துவதுபோல இருக்கும். தெரிந்து பாடுகிறவர் கத்துவதில்லை. வாயின் வடிவத்தையும் உயிரெழுத்தையும் மாற்றி, ஒலி தானே பெருகும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். தெரியாத பிள்ளை தொண்டையை இறுக்கிக் காற்றை முட்டித் தள்ளும். குரல்நாண் இரண்டும் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை மோதிக்கொள்ளும் மெல்லிய திசுக்கள். முட்டித் தள்ளினால் வீங்கும். வீக்கத்தோடு மறுபடி பாடினால் குரல் போகும். தொடர்ந்து செய்தால் காய்ப்புப்போலக் கட்டி விழும், வைத்தியம் தேவைப்படும்.

நல்ல இடத்தில் இதற்கு இரண்டு கவசம் கொடுப்பார்கள். ஒன்று, ‘மார்க்கிங்’. ஒத்திகையில் நடனமோ நடமாட்டமோதான் விஷயம் என்றால் உச்சப் பகுதியைப் பாதிக் குரலில், வேண்டுமானால் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிக்கொள்ளலாம். அது சோம்பேறித்தனம் ஆகாது, ஒழுங்கு. தொழில்முறை நடிகர்கள் எல்லோரும் செய்வது. முதல் கோடையில் என் அக்கா மகளிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவளாகக் கேட்கவும் தெரியவில்லை, மூன்று தடவையும் முழுசாகப் பாடினால்தான் நல்ல பெண் என்று நினைத்திருக்கிறாள். இன்னொன்று, ஸ்ட்ரா. ஜூஸ் குடிக்கும் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு அதற்குள் ‘ஊ’ என்று சுரம் ஏற்றி இறக்குவது. குழலின் சின்ன வாய் காற்றைக் கொஞ்சம் தடுப்பதால் உள்ளே லேசான எதிர் அழுத்தம் உண்டாகும், குரல்நாண்கள் பலமாக மோதாமல் மென்மையாக அதிரும். இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் தினம் காலை இந்தச் சத்தம்தான். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ரா, கீழிருந்து மேலாக ஒரு சுரம், அதோடு குமிழ்கள்.

பையன்களுக்கு வேறொரு சங்கடம். பாலர் நாடகக் கம்பெனிகளில் அதை மகரக்கட்டு என்பார்கள். பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடைந்து, நேற்றுப் பாடிய சுரம் இன்று வராது. அந்தக் காலத்தில் அது வேஷத்தையே பறித்துவிடும். இன்று ஹைஸ்கூல் முதல் இரண்டு வருஷத்துப் பையன்களில் பலர் இதைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெரிய பாட்டைக் கொடுத்துத் திணற வைப்பதைவிட, ஆடவும் நடிக்கவும் நிறைய வைத்து, குரலைத் தானாக இறங்கவிடுகிற ஆசிரியர் கிடைத்தால் அது பாக்கியம்.

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் முறையில் சுருதி பாடுகிறவருடையது. ஐந்தரைக் கட்டை ஒத்துவந்தால் எல்லாப் பாட்டும் ஐந்தரைக் கட்டையில்தான். மியூசிகலில் பாட்டு எழுதப்பட்ட சுருதிதான் சுருதி. முப்பது வாத்தியத்துக்கு அச்சடித்த தாள் அந்தச் சுருதியில்தான் இருக்கும், பாடுகிறவர்தான் அதற்கு ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். அதனால் எந்த வேஷம் யாருக்கு என்பதைக் குரலின் எல்லையே பாதி முடிவு செய்துவிடும். தாளமும் சுரஞானமும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். கமகம் கேட்காமலே வந்து நிற்கும், அதைப் பிடித்து நிறுத்தக் கொஞ்ச நாள் ஆகும்.

இனி, இந்தப் பயிற்சியின் இதயம் என்று நான் நினைக்கிற விஷயம். ஆடிஷனில் முழுப் பாட்டும் பாட விடமாட்டார்கள். 32 பார், சில சமயம் 16 பார். பார் என்பது மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு கட்டம். ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை என்று வைத்தால் 32 பாருக்கு 128 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம். நடுத்தர வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு ஆள் வந்து நின்று, ஏதோ ஒன்று வேண்டும் என்று தவித்து, அது கிடைத்தோ கிடைக்காமலோ மாறிப்போக வேண்டும். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதே தனி வித்தை.

இரண்டாவது கோடையின் கடைசி நாள் அந்த அறையில் பெற்றோரையும் உட்காரவைத்து வகுப்பு நடத்தினார்கள். அக்கா மகள் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு பியானோ பக்கம் போனாள். மூன்று வளையம் போட்ட ஃபைல், உள்ளே பாட்டுத் தாள்கள் முன்னும் பின்னுமாக அடுக்கியிருந்தன, பக்கம் புரட்டுவது குறையட்டும் என்று. தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் கனமாகக் கோடு போட்டிருந்தாள். வாசிப்பவரின் காதருகே குனிந்து முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டினாள். வேகம் சொல்வதற்கு அதுதான் முறை. விரலைச் சொடுக்கிக் காட்டக் கூடாது, அது அவமரியாதை. “ஒரே ஒரு சுரம் கொடுத்தால் போதும்” என்றாள். பிறகு அறையின் நடுவில் வந்து நின்றாள்.

பாடினாள். சுத்தமாக இருந்தது. பயிற்சி கொடுப்பவர் ஐம்பது வயதுப் பெண்மணி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “நல்ல குரல். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய்?” என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. கூரையைப் பார்த்துப் பாடியிருந்தாள். வேறொரு பெண்ணை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, “இவள் ஊரைவிட்டுப் போகப்போகிறாள். பாட்டு வேண்டாம், வார்த்தைகளை மட்டும் சொல்லி இவளை நிறுத்து” என்றார். அக்கா மகள் சொல்ல ஆரம்பித்தாள். எதிரே இருந்தவள் எழுந்து கதவைப் பார்த்து நடந்தாள். சொல்வது வேகமாயிற்று. கதவுக்கு இரண்டடி இருக்கும்போது பியானோ தானாக உள்ளே வந்தது, இவள் பேச்சிலிருந்து பாட்டுக்கு எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. குரல் முன்னைவிடச் சுத்தம் குறைவுதான், ஓரிடத்தில் உடையவும் செய்தது. என் பக்கத்தில் இருந்த யாருடைய அப்பாவோ மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும் அவள் பியானோவைத் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னாள், அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பேச்சால் இனி முடியாது என்ற இடத்தில் பாட்டு வருகிறது, பாட்டாலும் முடியாது என்ற இடத்தில் நடனம் வருகிறது என்பது மியூசிகல்காரர்கள் எல்லோரும் சொல்லும் பழைய பாடம். அதை வாயால் சொல்வது சுலபம். ஒரு பிள்ளையின் உடம்பில் அது ஏறுவதைக் கண்ணால் பார்த்தது எனக்கு அன்றுதான்.

நடனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலே, ஜாஸ், டாப் மூன்றும் இருக்கும். ஆடிஷனில் ஒரு சின்னக் கோர்வையைக் கொஞ்ச நேரத்தில் சொல்லிக்கொடுத்து, மூன்று மூன்று பேராக ஆடச் சொல்வார்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள், தப்பினால் முகம் எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். பரதம் ஆடிய பிள்ளைகளுக்கு அடவுகளை எண்ணிக்கையோடு மனதில் வைக்கும் பழக்கம் உண்டு, அது இங்கே பெரிய மூலதனம்.

மேடைக்குப் பின்னால் நடப்பதும் பாடம்தான். ஸ்டேஜ் மேனேஜர் வந்து “ஐந்து நிமிடம்” என்று குரல் கொடுத்தால் அறையிலிருக்கும் எல்லோரும் “நன்றி, ஐந்து” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் ரசீது. கதாநாயகியும் சொல்ல வேண்டும், விளக்குப் பிடிப்பவரும் சொல்ல வேண்டும். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் இப்போது எங்களுக்கும் அந்தப் பதில் வருகிறது.

பெற்றோருக்கு அடிக்கடி கோபம் வருகிற ஒரு விஷயத்தையும் விளக்கிவிடுகிறேன். நாடகத்தை வீடியோ எடுக்கக் கூடாது என்பார்கள். நம் பிள்ளையை நாம் எடுக்கக் கூடாதா? காரணம் உரிமை. மியூசிகல்களின் உரிமையை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. இசையமைப்பாளர் ஃபிராங்க் லெஸ்ஸர் 1952-இல் தொடங்கிய மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் அவற்றில் ஒன்று. கேம்ப் அவர்களிடம் பணம் கட்டி, ஸ்கிரிப்டும் இசைத்தாளும் வாங்கித்தான் நாடகம் போட முடியும். ஒரு வசனத்தை மாற்ற வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும். படம் பிடிப்பதற்குத் தனி உரிமை, சில நாடகங்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஆகவே, தடுக்கிற கேம்பைத் திட்டாதீர்கள். எழுதியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கிற இடம் அது.

கல்லூரிக்கு இது உதவுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மியூசிகல் தியேட்டரைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே வீடியோ அனுப்ப வேண்டும். அதை ‘ப்ரீஸ்க்ரீன்’ என்பார்கள். அதில் தேறினால் குளிர்காலத்தில் நேரில் ஆடிஷன். பல கல்லூரிகள் சேர்ந்து நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் ஆடிஷன் நடத்தும் ‘யூனிஃபைட்ஸ்’ என்ற ஏற்பாடும் உண்டு. பேர்போன கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு எடுப்பது பத்திலிருந்து இருபது சொச்சம் பேர். கோடையில் அந்தக் கல்லூரியிலேயே படித்தால் சீட் உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 32 பார் வெட்டவும், புது நடனத்தைச் சட்டென்று பிடிக்கவும், ஒரு வசனத்தை மூன்று விதமாகச் செய்துகாட்டவும் பழகிய பிள்ளைக்கு அந்தக் குளிர்காலம் கொஞ்சம் இலகுவாகும்.

பள்ளி நாடகத்திலிருந்தே பிராட்வேக்குப் போனவர்கள் இல்லாமல் இல்லை. 2009-இலிருந்து ‘ஜிம்மி விருது’ நடக்கிறது. அமெரிக்காவின் பல பகுதிகளில் பள்ளி மியூசிகல்களில் சிறந்து விளங்கிய சுமார் 100 பிள்ளைகள் ஜூனில் நியூயார்க் வந்து, சில நாள் பயிற்சி பெற்று, ‘தி லயன் கிங்’ நடக்கும் மின்ஸ்காஃப் அரங்கில் பாடுவார்கள். 2013-இல் இறுதிச் சுற்றுக்கு வந்த ஈவா நோபில்சாடாவை அங்கே பார்த்துத்தான் லண்டன் ‘மிஸ் சைகான்’ கதாநாயகியாக எடுத்தார்கள். 2018-இல் வென்ற ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மன் அடுத்த ஜனவரியிலேயே பிராட்வேயில் ‘டியர் இவான் ஹான்சன்’ நாயகன். அதே வருஷம் வென்ற ரெனே ராப் 2019-இல் ‘மீன் கேர்ள்ஸ்’ நாடகத்தில் நடித்தார். இவர்களைச் சொல்லிப் பிள்ளையை உற்சாகப்படுத்தலாம். கணக்குப் போடும்போது இவர்களை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

பணம். தங்கிப் படிக்கும் மூன்று வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். இது எளிய விஷயம் இல்லை, திறமையுள்ள எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இன்டர்லாக்கன் உட்படப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு, அதற்கு விண்ணப்பம் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச்சில் விசாரித்தால் பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். சில மாநிலங்கள் அரசுத் துணையோடு நடத்துகின்றன. கென்டக்கியில் 1987-இலிருந்து நடக்கும் கவர்னர்ஸ் ஸ்கூல் ஃபார் தி ஆர்ட்ஸில் மியூசிகல் தியேட்டர் ஒரு தனிப் பிரிவு. மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம், தங்குமிடம், சாப்பாடு, பாடம் எல்லாம் இலவசம். ஆடிஷனில் தேற வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே இருந்தாலும் முதலில் உங்கள் மாநிலத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டுமுன் போன் போட்டுக் கேளுங்கள். குரல் பயிற்சி யார் கொடுக்கிறார், வாரத்துக்கு எத்தனை மணி? ஒத்திகையில் மார்க்கிங் செய்ய அனுமதி உண்டா? குரல் கட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ராத்திரி விளக்கணைக்கும் நேரம் என்ன? விடுதியில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? வேலை செய்பவர்களின் பின்னணியை விசாரித்தீர்களா? அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் அங்கீகாரம் இருக்கிறதா? அந்த அங்கீகாரம் கட்டாயமில்லை, தாங்களே முன்வந்து வாங்குவது. வாங்கியிருந்தால் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று அர்த்தம். மார்க்கிங் பற்றிக் கேட்டதும் மறுமுனையில் இருப்பவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால், நான் போனை வைத்துவிடுவேன்.

அக்கா மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நவம்பருக்குள் வீடியோக்கள் போய்ச் சேர வேண்டும். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவள் நிற்கிறாள். போனைக் குறுக்காகப் பிடிப்பது என் வேலை. பெயர் சொல்லி, முழு உருவம் தெரிய ஒரு நொடி நிற்க வேண்டும், பிறகு மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு நடனம். சில கல்லூரிகள் கடைசியாக ‘வைல்ட் கார்ட்’ என்று ஒன்றும் கேட்கின்றன. ஒரு நிமிடத்துக்குள், உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரியாத எதை வேண்டுமானாலும் காட்டு என்பதுதான் அது.

மற்றவை எல்லாம் எழுதப்பட்ட சுருதியில் பாடியாயிற்று. “சித்தி, இதுக்கு கீழ உக்காந்துக்கறேன்” என்று பாயை எடுத்துவந்து விரித்தாள். சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்தாள். நான் போனை இறக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மோகனத்தில் ஸ்வரம் பாட ஆரம்பித்தாள்.